வளையாபதிக் கதைக்குப் பாட்டு எங்கே?

வளையாபதி பற்றி எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் இணையத்தைப் பார்த்து, நவகோடி நாராயணன் என்ற வணிகனின் கதையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். "பத்துத் தளத்தில் இருக்கே" என்கிறார்கள். பத்துக் கடையில் விற்றாலும் சரக்கு ஒரே குடோனிலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டாமா?

காப்பியம் முழுசாகக் கிடைக்கவில்லை. கிடைத்த சுமார் 72 பாடல்களில் பெரும்பாலானவை புறத்திரட்டு என்ற தொகைநூலால் பிழைத்தவை. துறவு, புலால் மறுத்தல் என்று நம் சமண அறம் பேசுகின்றன. கதையை அவற்றால் அறிய வழியில்லை. பிற்கால வைசிய புராணத்தின் 35ஆம் படலத்துக் கதையே இது என்பது சிலருடைய ஊகம். அவர்கள் "என்பர்" என்று எழுதியதைப் படியெடுத்தவர்கள் "ஆகும்" ஆக்கிவிட்டார்கள்!

பேரனிடம், "கதைக்கு ஒரு பாட்டுக் காட்டுடா" என்றேன். இரண்டு நாள் தேடிவிட்டு, "பாட்டு எதிலும் இல்லை தாத்தா, எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் போட்டிருக்காங்க" என்றான்.