புகைக்குழாயை மாற்றினால் டர்போ கார் சூடாகுமா, குளிருமா?

டர்போ பொருத்திய கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகளை அடிக்கடி கேட்கலாம். "புகைக்குழாயைப் பெரிதாக்கினால் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும், எஞ்சின் குளுமையாக இருக்கும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் கிடையாது, குழாயை மாற்றினால் கார் சூடேறி நடுவழியில் நின்றுவிடும்" என்பார் மற்றவர். இருவரும் உறுதியாகத்தான் சொல்வார்கள். யார் சொல்வது சரி?

விடை காண வாகன உரிமம் தேவையில்லை. பள்ளியில் படிக்கும் இயற்பியலே போதும். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற மட்டுமே முடியும். ஆகவே, சூடு எங்கே உண்டாகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம்.

பெட்ரோலின் மூன்று பங்குகள்

எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் ஆற்றலைத் தோராயமாக மூன்று பங்காகப் பிரிக்கலாம். ஒரு பங்கு மட்டுமே காரை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சூடான கழிவு வாயுவோடு புகைக்குழாய் வழியே போகிறது. மீதிப் பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களில் ஏறி, அங்கிருந்து கூலண்ட் நீருக்கும் எண்ணெய்க்கும் போய், பெரும்பாலும் ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்கிறது.

ஓர் எஞ்சின் 100 கிலோவாட் திறனைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் ஏறக்குறைய 100 கிலோவாட் வெப்பம் புகைக்குழாயிலும், ஏறக்குறைய இன்னொரு 100 கிலோவாட் வெப்பம் கூலண்ட், எண்ணெய் ஆகியவற்றின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டியின் திறன் சுமார் 2 கிலோவாட். அப்படிப்பட்ட 50 கெண்டிகள் ஒரே நேரத்தில் கொதித்தால் எவ்வளவு வெப்பமோ, அவ்வளவு வெப்பத்தைக் காரின் முன்புறம் இடைவிடாமல் காற்றில் தள்ள வேண்டும்!

வெப்பம் வெளியேற இரண்டு பெரிய வாசல்கள் இருக்கின்றன என்பதை இங்கே கவனியுங்கள். ஒன்று புகைக்குழாய், மற்றொன்று ரேடியேட்டர். ஒரு வாசலை அகலப்படுத்தினால் மற்ற வாசலின் நெரிசல் தானாகவே குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது.

டர்போ என்ன செய்கிறது?

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் டர்போ. வீணாகப் போகும் கழிவு வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது அதன் அடிப்படை. அந்தச் சக்கரத்தின் பெயர் டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் கம்ப்ரசர் சக்கரம் இருக்கிறது. டர்பைன் சுழலும்போது கம்ப்ரசரும் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். ஆகவே சிறிய எஞ்சினும் பெரிய திறனைத் தரும்.

இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. பெட்ரோல் எஞ்சினில் முழு வேகத்தின்போது டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். உலோகம் செந்நிறத்தில் ஒளிரும் சூடு அது.

டர்பைனைச் சுழற்றுவதில் அழுத்த வேறுபாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. அந்த வேறுபாடு பெரிதாக இருந்தால் சக்கரம் எளிதாகச் சுழலும். டர்பைனுக்குப் பின்னால் உள்ள குழாய் குறுகலாக இருந்தால் வாயு தேங்கி, அங்கே அழுத்தம் கூடுகிறது. இதைத்தான் பின்னழுத்தம் என்கிறோம். டர்போ கார் வைத்திருப்பவர்கள் அகலமான குழாயை நாடுவதற்கு இதுவே காரணம்.

குழாயை மாற்றினால் நடப்பது

எந்தப் பகுதியை மாற்றுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வண்டியின் பின்கோடியில் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றினால் ஓசைதான் பெரிதாக மாறும். திறனிலும் வெப்பத்திலும் வரும் மாற்றம் பொதுவாகச் சிறியது. டர்பைனை ஒட்டியிருக்கும் முதல் குழாயை, அதாவது டவுன்பைப்பை மாற்றினால்தான் எஞ்சினின் நடத்தை குறிப்பிடத்தக்க அளவு மாறும்.

அகலமான டவுன்பைப் பின்னழுத்தத்தைக் குறைக்கிறது. எரிந்த வாயு சிலிண்டரை விட்டு எளிதாக வெளியேறுகிறது. உள்ளே தங்கும் சூடான எச்சம் குறைவதால், அடுத்த முறை நுழையும் காற்றும் பெட்ரோலும் சற்றுக் குளிர்ந்த நிலையில் எரியத் தொடங்குகின்றன. கலவை தவறான நேரத்தில் தானாக வெடிக்கும் 'நாக்கிங்' என்னும் ஆபத்தும் குறைகிறது. இந்த அளவில் முதலாமவர் சொன்னதில் உண்மை இருக்கிறது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. டர்பைன் எளிதாகச் சுழன்றால் கம்ப்ரசர் அதிகக் காற்றைத் தள்ளக்கூடும். காரின் கட்டுப்பாட்டுக் கணினி அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டும். பலர் குழாயோடு சேர்த்து அந்தக் கணினியின் நிரலையும் மாற்றி, திறனை வேண்டுமென்றே உயர்த்துகிறார்கள். 100 கிலோவாட் எஞ்சின் 110 கிலோவாட் தந்தால், நம் தோராயக் கணக்கின்படி ரேடியேட்டர் பக்கத்துக்கும் 10 கிலோவாட் கூடுதல் வெப்பம் வந்து சேரும். ஐந்து மின்கெண்டிகள் அதிகம்! ரேடியேட்டரோ பழைய அளவில்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க, டர்பைனைச் சுற்றிக்கொண்டு வாயுவை வெளியே விடும் சிறிய கதவு ஒன்று டர்போவில் இருக்கிறது. அதன் பெயர் வேஸ்ட்கேட். மிக அகலமான குழாயைப் பொருத்தும்போது சில கார்களில் அந்தக் கதவு முழுதாகத் திறந்தாலும் போதுவதில்லை. அழுத்தம் கட்டுப்பாட்டை மீறி மெல்ல மெல்ல ஏறும். சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் கூடி, பிஸ்டன் உருகிப்போகும் அளவுக்குக்கூட நிலைமை முற்றலாம்.

ஹோண்டா கற்றுத்தரும் பாடம்

2017-ல் அறிமுகமான ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2.0 லிட்டர் டர்போ எஞ்சினில் 300 குதிரைத்திறனுக்கு மேல் தரும் கார். பந்தயத் தடத்தில் தொடர்ந்து விரட்டினால் அதன் கூலண்ட் வெப்பநிலை ஏறுகிறது என்பது அதன் உரிமையாளர்களிடையே அடிக்கடி பேசப்பட்டது.

இந்த எஞ்சினில் ஒரு தனித்தன்மை உண்டு. சிலிண்டர்களிலிருந்து கழிவு வாயுவைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் வழிகள் எஞ்சின் தலைப்பகுதியின் உள்ளேயே வார்க்கப்பட்டுள்ளன. அவற்றைச் சுற்றிக் கூலண்ட் ஓடுகிறது. டர்போவுக்குப் போகும் வாயு இதனால் சற்றுக் குளிர்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாயு இழந்த வெப்பம் மறைந்துவிடவில்லை, கூலண்டுக்குள் வந்துவிட்டது. அதை வெளியேற்றும் பொறுப்பு ரேடியேட்டருடையது.

2020-ல் இந்தக் காரை மேம்படுத்தியபோது ஹோண்டா செய்ததைப் பாருங்கள். காரின் முகப்பில் காற்று நுழையும் திறப்பை 13 விழுக்காடு பெரிதாக்கியது. ரேடியேட்டரின் உட்பகுதியையும் மாற்றியமைத்தது. கடுமையான ஓட்டத்தின்போது கூலண்ட் வெப்பநிலை 10 டிகிரி வரை குறையும் என்று அறிவித்தது. கூலண்ட் சூடானால் சிகிச்சை கூலண்டின் வாசலில்தான் நடக்க வேண்டும். பின்னால் இருக்கும் குழாயை மாற்றி முன்னால் இருக்கும் ரேடியேட்டரைக் குளிர்விக்க முடியாது.

காற்றும் சூடாகும்

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கும். காற்றை வேகமாக அமுக்கினால் அதன் வெப்பநிலை ஏறும். நம் ஊரின் 30 டிகிரி காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், கணக்குப்படி அது 96 டிகிரியை எட்டும். உண்மையான கம்ப்ரசரில் இழப்புகள் இருப்பதால் இன்னும் கூடுதலாகவே சூடேறும்.

அந்தக் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்னும் கருவி இருக்கிறது. செப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுக்கு மேல் சுற்றாக ஓட்டும்போதும், நெரிசலில் ஊர்ந்துவிட்டுத் திடீரென வேகமெடுக்கும்போதும் இன்டர்கூலரே சூடேறிப் போயிருக்கும். காற்று சூடாக நுழைந்தால் நாக்கிங் ஆபத்து கூடும். அதைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டுக் கணினி தானே திறனைக் குறைத்துவிடும். வெப்பமான நாட்டில் வாழும் நமக்கு இது முக்கியமான செய்தி. குளிர்நாட்டில் சோதித்துப் பார்த்த மாற்றம் இங்கேயும் அதே பலனைத் தரும் என்று நம்பிவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்

தொழிற்சாலையில் பொருத்தப்படும் புகைக்குழாயைச் சுற்றி மெல்லிய தகடுகள் இருக்கும். பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த வெப்பத் தடுப்புத் தகடுகளைப் புதிய குழாய் பொருத்தும்போது சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இதில் ஆபத்து இருக்கிறது.

சூடான பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு, அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. குழாயின் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸிலிருந்து 600 டிகிரிக்கு ஏறினால் கதிர்வீச்சு இரண்டு மடங்காகும் என்று தோன்றும். ஆனால் கெல்வினில் அது 573-லிருந்து 873. விகிதத்தை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். ஐந்து மடங்குக்கும் மேல் வரும்! தகடு இல்லாவிட்டால் அந்த வெப்பம் அருகிலுள்ள மின்கம்பிகள், ரப்பர் குழாய்கள், எரிபொருள் குழாய் ஆகியவற்றின்மீது நேராக விழும். கூலண்ட் முள் இயல்பு நிலையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பானட்டுக்குள் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கருகத் தொடங்கலாம்.

தூக்கி எறியக் கூடாத தேன்கூடு

டர்பைனுக்குப் பின்னால் தேன்கூடு போன்ற துளைகள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் வினையூக்கி மாற்றி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் அதன் சுவர்களில் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றில் பெரும்பகுதியை அது தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. வேலையைத் தொடங்க அதற்கே 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும். அதனால்தான் அதை டர்போவுக்கு அருகில் வைக்கிறார்கள்.

வாயுவின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று சொல்லி இதைக் கழற்றுபவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது சிறிது திறன். அந்தக் கார் கடந்து போகும் பள்ளி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நிற்பவர்களுக்குக் கிடைப்பது நச்சுப் புகை. குழாயின் இணைப்புகளைச் சரியாகப் பொருத்தாமல் விட்டால் கசியும் கார்பன் மோனாக்சைடு காருக்குள்ளேயும் நுழையலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைப் பறித்துவிடும்.

சிங்கப்பூரில் புகைக்குழாய் அமைப்பை மாற்றுவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் புகைக்கும் ஓசைக்கும் உள்ள விதிகளை மீறும் வாகனங்கள்மீது நடவடிக்கை எடுக்கின்றன.

வண்டி சூடானால் என்ன செய்வது?

வெப்பநிலை முள் சிவப்பை நெருங்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை உயரும் என்று படித்திருப்பீர்கள். மூடிய அமைப்புக்குள் கூலண்ட் 120 டிகிரி அளவிலும் கொதிக்காமல் இருக்கலாம். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுந்து, அது ஒரே நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும். நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும்.

வேகமான ஓட்டத்துக்குப் பிறகு, கடைசிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துவது டர்போவுக்கு நல்லது. திடீரென அணைத்தால் ஓட்டம் நின்ற எண்ணெய், சூடான தண்டின்மேல் கருகிப் படியும். இப்போதைய கார்கள் பலவற்றில் எஞ்சின் நின்ற பிறகும் டர்போவைக் குளிர்விக்கும் மின் பம்பு இருக்கிறது. ஆனாலும் இது நல்ல பழக்கம்.

இப்போது தொடக்கத்தில் வாதாடிய இருவரிடமும் திரும்புவோம். அகலமான குழாய் சிலிண்டருக்குச் சற்று நிம்மதி தருகிறது என்பதில் முதலாமவர் சரி. அதனால் கார் முழுவதும் குளிர்ந்துவிடும் என்பதில் தவறு. மாற்றத்துக்குப் பிறகு கார் சூடேறலாம் என்பதில் இரண்டாமவர் சரி. குழாய்தான் சூடாக்குகிறது என்பதில் தவறு. கூடுதலாக எரியும் பெட்ரோலும், கழற்றி எறிந்த தகடும், மாற்றாமல் விட்ட ரேடியேட்டருமே சூட்டுக்குக் காரணம்.

நாளை யாராவது ஒரு பொருளைக் காட்டி, "இதைப் பொருத்தினால் எஞ்சின் குளிரும்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தச் சூடு அங்கிருந்து எங்கே போகும்?" அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.