மிருகமும் மாநகரும்: யோவானின் வெளிப்பாட்டில் குறியீட்டின் சமூக அடிப்படை

விவிலியத்தின் இறுதி நூலைப் புரட்டஸ்தாந்தர் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும் கத்தோலிக்கர் ‘திருவெளிப்பாடு’ என்றும் வழங்குவர். ஏழு தலை மிருகம், 666 என்னும் எண், செந்நிற ஆடையணிந்த பரத்தை, நெருப்புக்கு இரையாகும் பாபிலோன் ஆகிய அதன் குறியீடுகளை வருங்கால நிகழ்ச்சிகளின் மறைபொருட் பட்டியலாகக் கொள்ளும் போக்கு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அமெரிக்கரான வில்லியம் மில்லரின் கணிப்பை நம்பியோர் 1844 ஒக்தோபர் 22இல் கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருந்து ஏமாந்தனர். 1970இல் வெளிவந்து பெருந்தொகையில் விற்பனையான ஹால் லின்ட்சேயின் நூல் மிருகத்தின் பத்துக் கொம்புகளை ஐரோப்பியப் பொதுச் சந்தையோடு இணைத்தது. அச்சந்தையின் உறுப்பு நாடுகள் 1981இல் பத்தாயின, 1986இல் பன்னிரண்டாயின. கொம்புகள் மட்டும் பத்தாகவே நின்றுவிட்டன!

இத்தகைய வாசிப்பு நூலை அதன் முதல் வாசகரிடமிருந்து பறித்துவிடுகின்றது என்பதே நமது ஆட்சேபம். பத்மு தீவிலிருந்து எழுதிய யோவான், சின்ன ஆசியாவின் ஏழு நகரங்களிலிருந்த சிறு கிறிஸ்தவக் குழுக்களை விளித்தே எழுதினார். அவர்களுக்கு விளங்காத ஒன்றை அவர்களுக்கே எழுதியிருப்பார் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

அவர்களுக்கு விளங்கியது யாது? கி.பி. 71இல் வெஸ்பாசியன் காலத்தில் வெளியிடப்பட்ட நாணயமொன்றிலே உரோமாதேவி ஏழு குன்றுகளின்மீது வீற்றிருக்கின்றாள். பெர்கமு நகரில் உரோமாவுக்கும் அகுஸ்துவுக்கும் கி.மு. 29இலேயே கோயிலெழுப்ப அனுமதி வழங்கப்பட்டிருந்தது. எபேசுவில் பேரரசர் குடும்பத்துக்குரிய கோயில் தொமித்தியன் ஆட்சியில், கி.பி. 89/90 அளவில் அர்ப்பணிக்கப்பட்டது. இத்தேவியையே யோவான் ஏழு மலைகளின்மீது அமர்ந்த பரத்தையாக்குகின்றார். ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றி வார்த்துப் பரப்பிய படிமத்தை எடுத்துத் தலைகீழாக்குவதே இங்கு குறியீட்டின் செயற்பாடாகும். (பேரரசின் கொடுமையைக் காட்டப் பெண்ணுடலையே இழிவுபடுத்தி எரிக்கும் இப்படிமத்தின் ஆணாதிக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது.)

எண்ணின் புதிரும் இவ்வாறே அவிழ்கின்றது. எபிரேய எழுத்துக்களுக்கு எண்மதிப்பு உண்டு. ‘நெரோன் கேசர்’ என்பதை அவ்வெழுத்துக்களில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200 எனக் கூடி 666 வரும். இலத்தீன் வழக்கைத் தழுவி ‘நெரோ’ என எழுதின் ஈற்றெழுத்தின் 50 குறைந்து 616 ஆகும். இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனியு 616 என்னும் பாடத்தை அறிந்து மறுத்துள்ளார். 1999இல் வெளியிடப்பட்ட ஒக்சிரிங்கஸ் பப்பைரசுத் துணுக்கிலும் அவ்வெண்ணே காணப்படுகின்றது. இரு எண்களுக்கும் ஒரே பெயர் விடையாவது வலுவான சான்று எனலாம். கி.பி. 68இல் இறந்த நீரோ மீண்டு வருவான் என்ற வதந்தி கிழக்கு மாகாணங்களில் உலவியது. மிருகத்தின் காயம்பட்டு ஆறிய தலை அதனையே சுட்டுகின்றது.

இவ்விளக்கத்தைப் பேராசிரியர் பெனாரியின் வழிநின்று பொதுவாசகருக்கு எடுத்துரைத்தவருள் எங்கெல்ஸ் முக்கியமானவர். 1883இலும் 1894இலும் அவர் எழுதிய கட்டுரைகள் இந்நூலை ஒடுக்கப்பட்டோர் இயக்கமொன்றின் ஆவணமாக நோக்கின. எனினும் அவர் கூற்றுக்களை வேதவாக்காக ஒப்புவிப்பது மார்க்சியமாகாது. நூலின் காலத்தை அவர் கி.பி. 68–69 எனக் கொண்டார். உரோமைப் பாபிலோன் எனச் சுட்டும் வழக்கு, கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பின்னரான யூத நூல்களிலேயே தெளிவாகக் காணப்படுவதாலும், இரேனியுவின் குறிப்பாலும், இன்றைய அறிஞர் பலர் தொமித்தியன் ஆட்சியின் இறுதியை, ஏறத்தாழ கி.பி. 95ஐ, ஏற்பர். அதைவிட முக்கியமானது, தொமித்தியன் கிறிஸ்தவர்களைத் திட்டமிட்டுப் பரவலாகத் துன்புறுத்தினான் என்பதற்குச் சமகாலச் சான்று மிகக் குறைவு என்பதாகும்.

அவ்வாறாயின் இத்துணைச் சினம் எங்கிருந்து பிறந்தது? விடை ஏழு மடல்களில் உள்ளது. லவோதிக்கேயாவின் குழு தான் செல்வமுடையது எனப் பெருமிதங்கொண்டதற்காகக் கடியப்படுகின்றது. தியத்தீராவிலோ சிலைகளுக்குப் படைத்த உணவை உண்ணலாம் எனக் கற்பித்த பெண்ணொருத்தி சாடப்படுகின்றாள். தியத்தீரா தொழிற்குழுக்கள் மலிந்த நகரென்பதைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. அக்குழுக்களின் விருந்தில் கலந்துகொள்ளாதவன் தொழில் செய்வது அரிது. முத்திரை பெறாதவன் வாங்கவோ விற்கவோ இயலாது என்ற படிமம் இப்பின்னணியிலே புலனாகும். ஆகவே இது புறப்பகைவனை மட்டும் நோக்கிய நூலன்று; பேரரசோடு சமரசஞ் செய்து வளம்பெற்ற உட்பிரிவினரோடு நிகழ்த்திய வாக்குவாதமுமாகும். எங்கெல்ஸ் தொட்டுச் சென்ற இவ்விடத்தில் நாம் நின்று நோக்குதல் வேண்டும்.

பொருளியல் அடிப்படை மிகத் தெளிவாக வெளிப்படுமிடங்கள் இரண்டு. ஒன்று, கருங்குதிரை வீரன் தராசோடு வருங் காட்சி. ஒரு நாட்கூலியான ஒரு தெனாரிக்கு ஒருவனின் ஒரு நாள் உணவுக்குப் போதுமான கோதுமையே கிடைக்கும். ஆயின் எண்ணெய்க்கும் திராட்சை மதுவுக்கும் தீங்கு நேரலாகாது எனக் கட்டளை பிறக்கின்றது. தானியம் அரிதாகிப் பெருநிலக்கிழாரின் ஏற்றுமதிப் பயிர்கள் காக்கப்படும் பஞ்சம் இது. மற்றது பதினெட்டாம் அதிகாரம். எரியும் நகரை நோக்கி அரசரும் வணிகரும் மாலுமிகளும் ஒப்பாரி வைக்கின்றனர். வணிகர் அழுவது மனிதருக்காகவன்று, இனி வாங்குவாரற்ற சரக்குகளுக்காக. பொன், வெள்ளி, முத்து, பட்டு, கறுவா, தந்தம், மா, கால்நடை என நீளும் பட்டியலில் இறுதிச் சரக்காக நிற்பவர் அடிமைகள். அடிமைச் சந்தையில் வழங்கிய ‘உடல்கள்’ என்ற கிரேக்கச் சொல்லையே யோவான் எழுதி, அவை மனித உயிர்கள் என உடன் சேர்க்கின்றார். (முதலாம் நூற்றாண்டின் ‘செங்கடல் வழிகாட்டி’ கொற்கை முத்துக்குளிப்பைக் குறிப்பிடுவதை நோக்கின், அம்முத்துக்களிற் சில நமது கடலிலிருந்தும் சென்றிருத்தல் கூடும்.)

இக்கண்டனத்தின் எல்லையும் இப்பட்டியலை வைத்தே புலனாகும். இறுதியில் இறங்கிவரும் புதிய எருசலேமின் வீதி பொன்னாலானது, வாயில்கள் முத்தாலானவை. வணிகர் எவற்றுக்காக அழுதனரோ அவையே அங்கும் ஒளிர்கின்றன. ஆயினும் அங்கு கடல் இல்லை. மிருகம் எழுந்துவந்ததும் சரக்குக் கப்பல்கள் சென்றதும் அக்கடல் வழியாகவே. மரம் மாதந்தோறும் கனி தருகின்றது. நீர் விலையின்றிக் கிடைக்கின்றது. அந்நகரில் வாழ்வோரைக் குறிக்க யோவானுக்குக் கிடைத்த கிரேக்கச் சொல் மட்டும் இறைவனின் ‘அடிமைகள்’ என்பதேயாகும்.