சார்பு என்னும் கணக்குச் சொல்

மாற்றல் உத்தரவு பெற்று ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில், பெட்டி படுக்கைகளைக் காட்டிலும் பிள்ளைகளின் படிப்பே பெருஞ்சுமையாகி விடுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே ‘உறவுகளும் சார்புகளும்’ என்பதாகும். மத்திய வாரியப் பள்ளிகளிலோ இப்பாடம் பதினோராம் வகுப்பில் வருகிறது. தாயகத்தில் பத்தாவது தேறி வடக்கே வரும் பிள்ளை, தான் தமிழில் கற்ற ‘சார்பு’ ஆங்கிலத்தில் ‘ஃபங்ஷன்’ என்றும், ஹிந்தியில் ‘பலன்’ என்றும் வேறு பெயர் பூண்டு நிற்பதைக் கண்டு மருளுகிறான். பெற்றோரோ, “இது நம் காலத்துக் கணக்கன்று” என்று ஒதுங்கி விடுகின்றனர். அவ்வாறு ஒதுங்க வேண்டுவதில்லை என்று காட்டவே இதனை எழுதத் துணிந்தோம்.

ரயில் கட்டண அட்டவணையை யாவரும் அறிவோம். இத்தனை கிலோமீட்டர் என்று தூரத்தைச் சொன்னால், ஒரு வகுப்புக்கு இன்ன கட்டணம் என்று அட்டவணை விடை தருகிறது. ஒரே தூரத்திற்கு இருவேறு கட்டணங்களை அது காட்டுவதில்லை. கொடுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு விடை தரும் இத்தகைய விதியே சார்பு எனப்படும். ‘பலன்’ என்னும் ஹிந்திச் சொல்லும் நமக்கு அந்நியமன்று. இட்டதற்குக் கிடைக்கும் பலன் என்றே பொருள் கொள்ளலாம். கொடுக்கத்தக்க எண்களின் தொகுதிக்கு மதிப்பகம் என்றும், கிடைக்கும் விடைகளின் தொகுதிக்கு வீச்சகம் என்றும் பெயர்.

லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் ‘ஃபங்ஷன்’ என்னும் சொல்லைக் கணிதத்தில் வழங்கினார். விதிக்கு ஓர் எழுத்து, அதனை அடுத்து அடைப்புக்குறி, அதனுள் கொடுக்கும் எண் என்று எழுதும் முறையை 1734ஆம் ஆண்டில் கையாண்டவர், ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்த ஆய்லர் ஆவார். பள்ளிப் புத்தகத்தில் ‘எஃப்’, ‘எக்ஸ்’ என்னும் எழுத்துக்கள் வரும். ஈண்டு நாம் விதிக்குச் ‘ச’ என்றும், எண்ணுக்கு ‘அ’ என்றும் வைத்துக் கொள்வோம்.

ச(அ) = 3அ + 5 என்க. எண்ணை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டு என்பதே இதன் கட்டளை. ஆகவே ச(2) = 11; ச(4) = 17. இங்கே பிள்ளைகள் இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது, ச(2) என்பதைச் ‘ச’வை இரண்டால் பெருக்குவதாக எண்ணுதல். இவ்வடைப்புக்குறி பெருக்கற்குறியன்று, எண்ணை உள்ளே இடும் வாயில். இரண்டாவது, ச(2 + 4) என்பதைச் ச(2) + ச(4) என்று பிரித்து விடுதல். முன்னது ச(6), அதாவது 23, பின்னது 28. இரண்டும் ஒன்றல்ல என்பது வெளிப்படை.

சார்புகளைச் சேர்த்தல்

ஊருக்குச் செல்லும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். அ பேருக்கு ரயில் கட்டணம் ச(அ) = 600அ. வழிச்சாப்பாட்டுடன் ஆட்டோ வாடகையும் சேர்ந்த செலவு த(அ) = 150அ + 200. இவ்விரண்டையும் கூட்டினால் மொத்தச் செலவு (ச + த)(அ) = 750அ + 200. நால்வருக்கு 3,200 ரூபாய். இங்ஙனமே கழித்தலும், பெருக்கலும், வகுத்தலும் செய்யலாம். வகுக்கும்போது மட்டும், வகுக்கும் சார்பு பூஜ்யமாகும் எண்களை விலக்க வேண்டும்.

மற்றொரு வகைச் சேர்க்கையும் உண்டு. ஒரு சார்பின் விடையை எடுத்து மற்றொன்றுக்குள் இடுவது அது. தீபாவளிக்கு 1,000 ரூபாய்க்குத் துணி வாங்குகிறோம் என்று கொள்வோம். நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி ஒரு விதி. 100 ரூபாய்க் கூப்பன் மற்றொரு விதி. தள்ளுபடியை முதலில் கழித்தால் 900. பிறகு கூப்பனைக் கழித்தால் 800. கூப்பனை முதலில் கழித்தால் 900. அதில் தள்ளுபடி போக 810. விதிகள் அவையே, வரிசை மாறியதும் பத்து ரூபாய் வேறுபட்டது. இதனால்தான் இச்சேர்க்கையில் முன்பின் முக்கியம். ச(த(அ)) என்று எழுதியிருந்தால் இடப்புறமுள்ள ‘ச’ முதலில் அன்று. உள்ளே இருக்கும் ‘த’வே முதலில் வேலை செய்யும். உள்ளிருந்து வெளியே வருக என்பதே விதி.

உள்விதியின் விடையை வெளிவிதி ஏற்குமா என்றும் பார்த்தல் வேண்டும். பத்தைக் கழித்து வர்க்கமூலம் காண் என்றால், ஆறு என்னும் எண் முதற்படியிலேயே −4 ஆகிவிடும். அதற்கு மெய்யெண்களில் வர்க்கமூலம் இல்லை. ஆதலால் ஆறு அங்கே மதிப்பகத்தில் சேராது.

திரும்பும் வழி

காய்ச்சல் கண்ட குழந்தையின் உடற்சூடு 40 பாகை செல்சியஸ் என்று வைத்துக் கொள்வோம். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 32ஐக் கூட்டினால் 104 பாகை பாரன்ஹீட். திரும்பிச் செல்ல, கடைசியில் கூட்டிய 32ஐ முதலில் கழிக்க வேண்டும். எஞ்சிய 72ஐ ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் மீண்டும் 40. உடைகளைப் பெட்டியில் அடுக்கிப் பூட்டியவர், திறக்கும்போது முதலில் பூட்டையன்றோ தொடுகிறார்? இதற்கு நேர்மாறுச் சார்பு என்று பெயர். ஆயினும் எல்லாச் சார்புக்கும் திரும்பும் வழி இல்லை. ரயில் கட்டண அட்டவணையில் அடுத்தடுத்த பல கிலோமீட்டர்களுக்கு ஒரே கட்டணம் இருப்பதால், கட்டணத்தை மட்டும் கொண்டு தூரத்தைத் துல்லியமாகச் சொல்லவியலாது.

பெற்றோர் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டுமென்பதில்லை. பிள்ளையின் அருகமர்ந்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: உள்ளே போகும் எண் எது? எந்த விதி முதலில்? வந்த விடையை அடுத்த விதி ஏற்குமா? இவற்றிற்குப் பிள்ளை தமிழில் விடை சொல்லட்டும். பொருள் தாய்மொழியில் தெளிந்துவிட்டால், தேர்வுத் தாளில் அதனை எம்மொழியில் எழுதவும் அவன் அஞ்சான்.