விரல்நுனி, நகக் காயங்களுக்கான அவசரச் செவிலியப் பராமரிப்பு

விரல்நுனிக் காயம் என்பது விரலின் கடைசி மூட்டுக்கு அப்பால் உள்ள தோல், நகம், நகப்படுகை, எலும்பு ஆகியவற்றில் ஏற்படும் காயமாகும். கதவிடுக்கில் நசுங்குதல், மிதிவண்டிச் சங்கிலியில் சிக்குதல், அரிவாள்மணை வெட்டு ஆகியவை வழக்கமான காரணங்கள். நரம்பு முனைகள் செறிந்த இடம் என்பதால் சிறு காயமும் கடுமையாக வலிக்கும்.

காயமடைந்தவர் வந்ததும் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். வீக்கம் ஏறிவிட்டால் அதை வெட்டித்தான் எடுக்க முடியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் இரத்தப்போக்கு நின்றுவிடும். தொடுவுணர்வு, விரலை மடக்கி நீட்டும் திறன், நுனியை அழுத்தி விட்டபின் நிறம் திரும்பும் வேகம் ஆகியவற்றை மரப்பு ஊசிக்கு முன்பே சோதித்துப் பதிவு செய்வது அவசியம். மரத்துப்போன விரலில் நரம்பு அறுந்துள்ளதா என்று அறிய இயலாது. எந்தக் கை, என்ன தொழில், கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போடப்பட்டது என்பனவும் கேட்கப்படுகின்றன.

நகத்தடியில் இரத்தம் கட்டித் துடிக்கும் வலி இருந்தால், நகத்தில் சிறு துளையிட்டு அதை வெளியேற்றுவர்; வலி உடனே தணியும். அக்ரிலிக் செயற்கை நகம் தீப்பற்றக்கூடியது என்பதால் அதன்மீது சூடான கருவியைப் பயன்படுத்தலாகாது.

குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. நகத்தின் அடிப்பகுதி தோல் மடிப்பிலிருந்து பெயர்ந்து மேலே கிடந்தால், அதன் கீழே எலும்பின் வளர்ச்சித் தட்டை ஒட்டி முறிவு இருக்கலாம். 1966-இல் சேமூர் விவரித்ததால் இது சேமூர் முறிவு எனப்படுகிறது. வெறும் நகப்பெயர்வு என்று கட்டுப்போட்டு அனுப்பினால் எலும்பில் சீழ் பிடிக்கலாம், விரலின் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

துண்டான நுனியை உறவினர்கள் பெரும்பாலும் பனிக்கட்டியிலேயே போட்டு எடுத்து வருவர். நேரடிப் பனி திசுவை உறையவைத்துக் கெடுக்கும். நீரில் மிதக்கவிடுவதும் தவறு. சேலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, நீர்புகாத பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். எவ்வளவு சிறிய துண்டானாலும் மருத்துவர் பார்க்கும்வரை எறியக்கூடாது.

தையலின்போது விரலடியில் கட்டும் இறுக்குப்பட்டையை அகற்றியதைக் கட்டுப்போடும் முன் உறுதிசெய்வது செவிலியரின் பொறுப்பு. மறந்து கட்டினால் விரல் அழுகிப்போகும். இதற்காகவே பளிச்சென்ற நிறப்பட்டைகள் விற்பனைக்கு வந்துள்ளன.

ஒட்டாத வலைத்துணியே முதல் கட்டுக்கு உகந்தது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்வதால், முழு நகம் வர 6 மாதம் வரை ஆகலாம் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும்.