பிட்ஸ்பர்க் நகரும் அதன் மூன்று ஆறுகளும்

வேற்று நாடு காணச் செல்வோர் கோயில், அரண்மனை, மலை, கடல் என்பவற்றையே பெரும்பாலும் நாடிச் செல்வர். யந்திரசாலைகள் மூடப்பட்டுப்போன ஒரு நகரத்தைக் காண்பதற்கெனக் கடல் கடந்து செல்வாரும் உளரோ என்று நம் மாணவருட் சிலர் வினவக்கூடும். உளர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள பிட்ஸ்பர்க் அவ்வாறு காண்பார் செல்லும் நகரங்களுள் ஒன்று. ஆயினும் அதனைக் காணும் முறை அறியாது செல்வோர், அழகியதோர் ஆற்றங்கரையைக் கண்டோம் என்னும் அளவிலேயே திரும்பிவிட நேரும். ஆதலின் அம்முறையினை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, நகரத்தின் தெற்கே நிற்கும் வாஷிங்டன் குன்றின்மேல் ஏறுதல் வேண்டும். முற்காலத்தில் அதற்கு நிலக்கரிக் குன்று என்று பெயர். நமது பழனிமலையில் ஓடும் விஞ்சு வண்டியைப் போன்ற இரண்டு இழுவண்டிகள் அங்கு உண்டு. ஒன்று 1870-லும் மற்றொன்று 1877-லும் அமைக்கப்பட்டவை. வடத்தினாற் பிணைக்கப்பட்ட இரு பெட்டிகளுள் ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். குன்றின்மேற் குடியிருந்த தொழிலாளர் கீழேயுள்ள ஆலைகளுக்குச் சென்று மீள்வதற்கு இவை பயன்பட்டன. இப்பொழுது நம்மைப் போன்ற பிரயாணிகளும் அவற்றில் ஏறுகின்றனர்.

மேலே நின்று நோக்கின், வடக்கிலிருந்து வரும் அல்லிகேனி ஆறும் தெற்கிலிருந்து வரும் மொனாங்ககீலா ஆறும் ஒரு கூரிய நிலமுனையிற் கலந்து, ஒஹையோ என்னும் ஒரே ஆறாய் மேற்கு நோக்கிச் செல்வது தெளிவாய்ப் புலனாகும். அம்முனையைக் கைக்கொள்வதற்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போர் புரிந்தனர். 1758-ல் அதனைப் பெற்ற ஆங்கிலேயர் தம் மந்திரியாகிய வில்லியம் பிட் என்பாரின் பெயரை அதற்கு இட்டனர். கோட்டையிருந்த அவ்விடம் இன்று பூங்காவாக விளங்குகின்றது.

இந்நகரில் உருக்குத் தொழில் ஓங்கியதன் காரணம் யாதெனின், குன்றுகளில் நிலக்கரி இருந்தது. அதனைச் சுமந்து செல்ல ஆறுகள் இருந்தன. தொலைவிலுள்ள சுப்பீரியர் ஏரிப் பகுதியிலிருந்து இரும்புத்தாதினைக் கொணரக் கப்பலும் இருப்புப்பாதையும் இருந்தன. ஸ்காத்லாந்து தேசத்து நெசவாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, 1848-ல் இங்குக் குடியேறி, சிறுவனாகப் பஞ்சாலையிற் கூலிவேலை செய்த ஆண்ட்ரூ கார்னெகி என்பார், 1875-ல் பிராடக் என்னும் ஊரில் பெரியதோர் உருக்காலையைத் தொடங்கினார். பின்னர் ஹோம்ஸ்டெட் ஆலையும் அவர் வசமாயிற்று.

அக்காலத்துப் புகையின் மிகுதியை இன்று காண்போர் நம்புதல் அரிது. 1940-ஆம் ஆண்டினையொட்டிய காலத்தில் நண்பகலிலும் தெருவிளக்கு ஏற்றவேண்டிய நாட்கள் இருந்தன. 1941-ல் நகரசபையார் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்தனர். உலகப் போர் முடிந்தபின் அது நடைமுறைக்கு வந்தது. 1948-ல் அதே மொனாங்ககீலாவின் கரையிலுள்ள டொனோரா என்னும் சிற்றூரில் நச்சுப்புகை கலையாது நின்று, சில நாட்களுள் இருபதுபேர் மாண்டனர். ஆதலின் இன்று நாம் காணும் தெளிந்த வானம் தானாக வந்ததன்று.

எனினும் வானம் தெளிந்ததற்குச் சட்டம் ஒன்றே காரணம் என்பதற்கில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டதும் ஒரு காரணமாம். ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடப்பட்டது. 1950-ல் 6,76,806 ஆக இருந்த நகரத்தின் ஜனத்தொகை 2020-ல் 3,02,971 ஆகக் குறைந்தது. உருக்குக் கம்பெனியின் பெயரால் எழுந்த 64 மாடி மாளிகையின் உச்சியில் இப்பொழுது ஒரு மருத்துவ ஸ்தாபனத்தின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. நகரம் பிழைத்தது, ஆனால் அதனைக் கட்டியவர்களிற் பலர் வேலையிழந்து ஊர்விட்டு அகன்றனர்.

இனி, பிரயாணி தவறாது செல்லவேண்டிய இடம் ஹோம்ஸ்டெட். 1892-ல் கூலியைக் குறைக்க ஆலையார் முற்பட்டனர், தொழிற்சங்கத்தார் இசையவில்லை, ஆலைக்கதவு அடைக்கப்பட்டது. கார்னெகி அப்பொழுது ஸ்காத்லாந்தில் இருந்தார். ஆலையை நடத்திய ஹென்றி பிரிக் என்பார், பிங்கர்ட்டன் காவலர் முந்நூற்றுவரை இரண்டு படகுகளில் ஏற்றி இரவோடிரவாக ஆற்றின்வழி அனுப்பினார். ஜூலை 6-ஆம் நாள் விடியற்காலையிற் கரையில் மூண்ட சண்டையில் இருதிறத்தாரும் உயிரிழந்தனர். காவலர் சரணடைந்தனர், ஆயினும் மாகாணப் படை வந்தது, சில திங்களில் தொழிலாளர் தோற்றனர். அதன்பின் நெடுங்காலம் அங்குப் பன்னிரண்டு மணி வேலையே வழக்கமாயிற்று. அப்படகுகள் வந்தடைந்த துறையருகே பழைய நீரேற்றுமனை இன்றும் காக்கப்பட்டிருக்கின்றது. ஆலையிருந்த நிலத்திலோ 1999 முதல் கடைவீதி நடைபெறுகின்றது. அதன் ஓரத்தே பன்னிரண்டு புகைபோக்கிகள் மட்டும் வரிசையாய் நிற்கின்றன.

அங்கிருந்து மேட்டின்மேல் ஏறினால், 1898-ல் கார்னெகி அவ்வூரார்க்கு அளித்த நூல்நிலையத்தைக் காணலாம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உலையின்முன் நின்றவன் எப்பொழுது நூல் படிப்பான் என்னும் வினா அதன் வாயிலிலேயே நமக்கு எழும். அவ்வினாவை மறைத்தல் தகாது. அதுபோலவே அக்கொடையின் பயனை மறைத்தலும் தகாது. 1945-ல் இந்நகரத்தின் ஏழைப்பகுதியிற் பிறந்த கறுப்பினத்தவராகிய ஆகஸ்ட் வில்ஸன் என்பார், பதினைந்தாம் வயதிற் பள்ளியைத் துறந்து, நகரத்துக் கார்னெகி நூல்நிலையத்தில் அமர்ந்து தாமே கற்றுப் புகழ்பெற்ற நாடகாசிரியரானார். பிற்காலத்தில் அந்நூல்நிலையத்தாரே அவருக்குப் பள்ளிப் பட்டயம் வழங்கினர்.

கடைசியாக, ஆற்றின் மறுகரையில் நிற்கும் கேரி ஊதுலைகளைக் காண்க. 92 அடி உயரமுள்ள அவ்வுலைகளில் உருகிய இரும்பு பாலத்தின்வழி ஹோம்ஸ்டெட் ஆலைக்குச் சென்றது. 1978-ல் தீயவிந்த அவ்வுலைகள் 2006-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. பிரயாணிகளுக்கு அவற்றைச் சுற்றிக் காட்டுவாரும் உளர்.

குன்றினின்று ஆறுகளை மட்டும் கண்டு திரும்புவோர் நகரத்தின் அழகைக் காண்பர். நூல்நிலையத்தையும் புகைபோக்கிகளையும் ஒருங்கே கண்டு திரும்புவோர் அதன் கணக்கையும் காண்பர். பிறர் அளித்த கொடையாற் கட்டப்பட்ட கல்லூரியில், பிறர் வாங்கி வைத்த நூல்களைக் கற்கும் நாம், எந்நகர் சென்றாலும் இவ்விரண்டாவது காட்சியைத் தேடிச் செல்வோமாக.