சிங்கப்பூர் சம்பளத்தை 65-ஆல் பெருக்காதீங்க: குழந்தையோட கிளம்பறவங்களுக்கு ஒரு கணக்கு

"சார், சிங்கப்பூர்ல 8,000 டாலர் ஆஃபர் வந்திருக்கு. நம்ம காசுக்கு 5 லட்சத்துக்கு மேல. போகலாம்ல?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. கேட்கிறவங்க பெரும்பாலும் முப்பதை ஒட்டினவங்க, கல்யாணமாகி மூணு நாலு வருஷம், கையில ஒரு சின்னக் குழந்தை. நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்பேன்: "உங்க வீட்டுக்காரம்மா இப்ப வேலைக்குப் போறாங்களா? அங்க போனா அவங்க வேலை பார்க்க முடியுமா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. டாலரைப் பெருக்கியிருப்பாங்க, இதை யோசிச்சிருக்க மாட்டாங்க.

வைகாசி கருட சேவைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தோட கணக்கை வச்சே இதைச் சொல்றேன். பிள்ளையார்பாளையத்துல சொந்த வீடு, முன் அறையில தறி. அப்பா இன்னமும் நெய்யறார். மகனும் மருமகளும் ஒரகடம் பக்கம் வெவ்வேறு கம்பெனிகள்ல வேலை பார்த்தவங்க. 2023 நவம்பர்ல அவர் முதல்ல சிங்கப்பூர் போனார். 2024 ஜனவரியில மனைவியும் மூணு வயசு மகளும் போய்ச் சேர்ந்தாங்க. பேர் வேண்டாம், எண்களையும் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கேன்.

காஞ்சிபுரத்தில் இருந்தபோது இருவருக்கும் சேர்த்து கையில் வந்தது 1,55,000 ரூபாய். வீட்டு வாடகை கிடையாது. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டார். குடும்பச் செலவு, பைக் டியூ எல்லாம் போக மாதம் 68,000 மிச்சம். இது போக இருவரின் பங்கும் நிறுவனங்களின் பங்குமாக பி.எஃப். சுமார் 19,000. ஆக மாதச் சேமிப்பு 87,000.

இப்போ சிங்கப்பூர். சம்பளம் 8,000 டாலர். டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 5,20,000. வருமான வரி, மனைவிக்கும் குழந்தைக்குமான கழிவுகள் போக, ஆண்டுக்கு 4,400 டாலரை ஒட்டி வருகிறது, மாதத்துக்கு 365. வரி ஒரு பிரச்னையே இல்லை. பிரச்னை அதற்குப் பிறகு. வாடகை 3,000. மளிகை, வெளிச்சாப்பாடு 1,000. கரண்ட், தண்ணீர், போன், நெட் 300. பஸ், ரயில் 250. டாக்டர் செலவும் இன்ஷூரன்ஸும் 300. குழந்தையைச் சில மணி நேரம் விடுகிற பிளே குரூப் 500. வருஷம் ஒரு முறை ஊருக்கு வர டிக்கெட்டுக்கு எடுத்து வைப்பது 300. அப்பா அம்மாவுக்கு 600. மொத்தம் 6,615. மீதி 1,385 டாலர், அதாவது 90,000 ரூபாய்.

அங்க 90, இங்க 87. நாலு தடவை கூட்டிப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்தது.

காணாமப் போன காசு எங்கே?

முதல் இடம், மனைவியின் சம்பளம். எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிறவர் மாதம் குறைந்தது 6,000 டாலர் நிலையான சம்பளம் வாங்கினால்தான் மனைவி, குழந்தைகளை டிபெண்டன்ட் பாஸில் அழைத்துக்கொள்ள முடியும். முன்பு அந்த பாஸில் இருப்பவர்கள் ஒரு அனுமதிக் கடிதம் வாங்கி வேலைக்குப் போகலாம். 2021 மே 1 முதல் அந்த வழி மூடப்பட்டது. சொந்தத் தொழில் நடத்துகிற சிலரைத் தவிர, வேலை வேண்டுமென்றால் அவர்களுக்கே தனியாக ஒரு வொர்க் பாஸ் வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 5,600 டாலரில் ஆரம்பித்து, வயதுக்கேற்ப ஏறிக்கொண்டே போய், நாற்பதுகளின் நடுவில் 10,700-ஐத் தொடுகிறது. முப்பது வயசுல, நடுவுல ரெண்டு வருஷம் இடைவெளி விட்டுட்டு, திரும்ப அந்தச் சம்பளத்துல வேலை தேடறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. இவரோட மனைவி இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

இரண்டாவது, பி.எஃப். சிங்கப்பூரின் சி.பி.எஃப். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். 55 வயது வரை ஊழியர் 20 சதவீதம், நிறுவனம் 17 சதவீதம் போடுகிறார்கள். பாஸில் இருப்பவருக்கு அதில் ஒன்றுமே கிடையாது. கையில் வரும் சம்பளம் பெரிசாத் தெரியறதுக்கு இதுவும் ஒரு காரணம்: பிடித்தம் இல்லை, கூடவே ஓய்வுக்காலத்துக்குச் சேர்வதும் இல்லை. அந்த 90,000-க்குள்ளேயே நீங்களாக ஒரு பி.எஃப். உருவாக்கிக்கணும்.

மூன்றாவது, பாட்டி. எந்த எக்ஸெல் ஷீட்டிலும் பாட்டிக்கு ஒரு வரி கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காஞ்சிபுரத்தில் இருவரும் நிம்மதியாக கம்பெனி பஸ் ஏறினார்கள். சிங்கப்பூரில், காய்ச்சல் இருக்கிற குழந்தையை சைல்டுகேரில் சேர்க்க மாட்டார்கள். குழந்தை சிங்கப்பூர் குடியுரிமை உள்ளதாக இருந்தால், ஏழு வயது வரை பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் சைல்டுகேர் விடுப்பு. இல்லையென்றால் 2 நாள். அரசாங்கம் தரும் சைல்டுகேர் மானியமும் குடியுரிமை உள்ள குழந்தைக்குத்தான். மற்றவர்கள் முழுக் கட்டணம். "அம்மாவை வரச்சொல்லி வச்சுக்கலாம்" என்று நினைத்தால், பெற்றோருக்கு நீண்டகால விசிட் பாஸ் வாங்க உங்கள் சம்பளம் 12,000 டாலர் இருக்க வேண்டும். 8,000-ல் பாட்டி சுற்றுலா விசாவில் வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவார், அவ்வளவுதான்.

போகாதீங்கன்னு சொல்லலை. மனைவிக்கு அங்க 4,500 டாலர்ல ஒரு வேலை, அதுக்கேத்த பாஸோட கிடைக்குதுன்னு வைங்க. பிளே குரூப்புக்குப் பதிலா முழுநாள் சைல்டுகேர், இன்னும் கொஞ்சம் வரி, இதெல்லாம் போக மாசம் 3,000 டாலர் கூடுதலா நிக்கும். அன்னைக்குத்தான் சிங்கப்பூர் கணக்கு காஞ்சிபுரம் கணக்கை நிஜமா முந்தும். அதனால ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பேச வேண்டிய ஆள் எச்.ஆர். இல்ல, உங்க மனைவி. அவங்க துறையில அங்க யார் பாஸ் தர்றாங்க, எந்தச் சம்பளத்துல எடுக்கறாங்கன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து தேடுங்க. ஆஃபர் மனைவிக்கு வந்திருந்தா இதே கேள்வி கணவருக்கு.

ஒன்றரை மாதத் தாமதம், ஐந்து லட்சம்

இப்ப ஊர்ல விட்டுட்டுப் போற விஷயங்களுக்கு வர்றேன். முதல்ல கிளம்பற தேதி.

வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளைத் தொட்டுவிட்டால் அந்த ஆண்டுக்கு ரெசிடென்ட். ரெசிடென்ட் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாள். அதற்குள் விமானம் ஏறிவிட்டால், அடுத்த மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளம் இங்கே வரிக்கு வராது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தாலும் இந்த 182 நாள் அடிப்படை அப்படியேதான் இருக்கு.

நம்ம ஆள் கிளம்பினது நவம்பர் நடுவில். தீபாவளியை வீட்டோட கொண்டாடிட்டுப் போகலாம்னு தள்ளிப் போட்டிருக்கார். தப்பே இல்ல, எனக்கும் அந்த வயசுல குழந்தை இருந்தா அதைத்தான் செய்வேன். ஆனா அதுக்கு ஒரு விலை இருந்தது. நாலரை மாதச் சிங்கப்பூர் சம்பளம் 36,000 டாலர், சுமார் 23 லட்சம், இந்திய வருமானத்தோடு சேர்ந்து 30 சதவீத ஸ்லாபுக்குள் போனது. சிங்கப்பூரில் கட்டிய வரியை இரட்டை வரி ஒப்பந்தப்படி கழித்துக்கொண்டோம். அங்கே வரி குறைவு, அதனால் கழித்ததும் குறைவு. இங்கே கட்டியது ஐந்து லட்சத்தை ஒட்டி. ஒப்பந்தத்தில், இரு நாட்டிலும் ரெசிடென்ட் ஆனவர் உண்மையில் எந்த நாட்டவர் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: வாழ்க்கையின் மையம் எங்கே? மனைவியும் குழந்தையும் ஜனவரி வரை பிள்ளையார்பாளையத்தில். அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு நான் போகவில்லை.

வங்கிக் கணக்குப் பக்கம் சுருக்கமா முடிச்சுடறேன், வீடியோல ஏற்கெனவே விரிவாப் பேசியாச்சு. வரிச் சட்டம் நாளை எண்ணும், ஃபெமா எண்ணாது. வேலைக்காக வெளியேறும்போதே ஃபெமா கணக்கில் நீங்கள் என்.ஆர்.ஐ. பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றணும், வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. திறக்கணும். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் செஸ்ஸோடு 31.2 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். மியூச்சுவல் ஃபண்ட் கே.ஒய்.சி.யையும் மாற்றணும், குழந்தை பேர்ல இருக்கற ஃபோலியோவையும் சேர்த்து. பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு அவர்களுக்கு வரி கிடையாது. மகன் தருவது உறவினர் தரும் அன்பளிப்பு.

இன்னொரு குழந்தை அங்கே பிறந்தால்: பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால், சிங்கப்பூரில் பிறந்ததாலேயே குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யுங்க. விட்டுட்டா மத்திய அரசோட அனுமதி வரைக்கும் போகணும்.

தாத்தாவோட பாஸ்புக்

கடைசியா அந்த மஞ்சப்பையிலிருந்து ஒரு செல்வமகள் பாஸ்புக் வந்தது. பேத்தி பிறந்த 2020-லேயே தாத்தா தன்னைக் காப்பாளராகப் போட்டு அஞ்சலகத்தில் திறந்தது. கூலி வந்ததும் மாதம் 1,000 ரூபாய், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மகனுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

அதில் இரண்டு சிக்கல். ஒன்று, இந்தத் திட்டத்தில் காப்பாளர் பெற்றோராகவோ சட்டப்படியான காப்பாளராகவோ இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி திறந்த கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்றணும்னு 2024-ல் மத்திய நிதியமைச்சகம் சொன்னது, அந்த ஆண்டு அக்டோபர் முதல். இரண்டாவதுதான் பெரிசு. செல்வமகள் திட்டம் இந்தியாவில் வசிக்கும் பெண் குழந்தைக்கானது. வசிப்பிட நிலை மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கணும், அதற்குப் பிறகு வட்டி கிடையாது என்று 2016 விதிகளிலேயே எழுதியிருந்தார்கள். குழந்தை 2024 ஜனவரியில் கிளம்பிவிட்டது. அதனால் காப்பாளரை மாற்றியும் பிரயோஜனம் இல்லை. முறையாகத் தெரிவித்து முடிக்கத்தான் வேண்டும்.

இதை நான் சொன்னப்போ மகன் தலையாட்டினார், பெரியவர் ஆட்டலை. "தம்பி, அது அவளுக்குன்னு போட்டது. எடுக்கறதுக்கில்ல," என்றார். வட்டி நின்னுபோன கணக்கு, வெளியே தெரிஞ்சா கேள்வி வரும்னு நான் விளக்க விளக்க, அவர் பாஸ்புக்கை மடியிலேயே வச்சிருந்தார். கடைசியில் அவர் கேட்டது இதுதான்: "அப்ப என் பேத்திக்கு நான் எதுவும் சேர்க்கக் கூடாதா?"

சேர்க்கலாம் ஐயா, உங்க பேர்லயே சேர்க்கலாம்னேன். அவர் இந்தியாவில் வசிக்கிறவர், எந்தத் தடையும் இல்லை. அஞ்சலக ஆர்.டி., ஐந்து வருடம், இப்போது 6.7 சதவீதம். மாதம் 1,000 போட்டால் முடிவில் 71,000-க்குக் கொஞ்சம் மேலே வரும். செல்வமகளின் 8.2 சதவீதமும் வரிச்சலுகையும் இதில் இல்லை, உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கு பேத்தி எந்த நாட்டில் இருந்தாலும் ஆடாது. செல்வமகளை முடித்து வரும் பணம் குழந்தையுடையது. அதைப் பெற்றோரின் என்.ஆர்.ஓ. வழியாக வாங்கி, அவள் பேரிலேயே தனியாக வைக்கச் சொன்னேன்.

ஆர்.டி.க்கு நாமினி பேத்தி. மைனர் என்பதால், அவள் சார்பில் பணம் வாங்க ஒருவரைக் குறிப்பிடணும்; பாட்டி பேரை எழுதினோம். அவங்க விமானம் சனிக்கிழமை ராத்திரி. வெள்ளிக்கிழமை காலையில பெரியவர் பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போய் முதல் தவணையைக் கட்டிட்டு வந்துட்டார்.