85 சதவீதத்தில் நிறுத்தினால் போதுமா?

அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ மாஸ்டர் செக்கப்புக்குப் போனால், டி.எம்.டி. எனப்படும் டிரெட்மில் சோதனையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்பு முடியை மழித்து, மின்முனைகளை ஒட்டுவார்கள். பெல்ட் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீத ஏற்றத்தில் நகரத் தொடங்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறை இது.

ஏன் ஓடவைத்துப் பார்க்க வேண்டும்? சும்மா இருக்கும்போதே இதயத் தசை, தனக்கு வரும் ரத்தத்தின் ஆக்சிஜனில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. ஓடும்போது கூடுதலாகத் தேவைப்பட்டால் ரத்த ஓட்டமே கூடியாக வேண்டும். நான்கைந்து மடங்குவரை அது கூடும். இதய ரத்தக்குழாய் 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும் ஓய்வில் குறை தெரியாது. ஓடினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: ஈ.சி.ஜி. தாளில் எஸ்.டி. எனப்படும் பகுதி 1 மில்லிமீட்டர், அதாவது ஒரு சின்னக் கட்டம் கீழே இறங்கும்.

ஆனால் 30, 40 சதவீதக் கொழுப்புப் படிவு இந்தச் சோதனையில் சிக்காது. அந்தப் படிவு வெடித்து ரத்தம் உறைந்தாலும் மாரடைப்புதான். 'நெகட்டிவ்' என்று வந்த தாளை வைத்துக்கொண்டு நெஞ்சுவலியை அலட்சியப்படுத்துவது ஆபத்து. விளையாட்டு வீரராக இருந்ததும் காப்பு இல்லை. 2021 ஜனவரி 2இல் முன்னாள் கிரிக்கெட் வீரர் சவுரவ் கங்குலிக்கு, 48 வயதில், உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்தது. மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு இருந்தது.

வீரர்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு பெரிய குறை உண்டு. 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 85 சதவீதத் துடிப்பை எட்டியதும், பல இடங்களில் "போதும் சார்" என்று பெல்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். 45 வயதுக்காரருக்கு அது 149. மாரத்தானுக்குத் தயாராகிறவர் அதையும் தாண்டிய துடிப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓடுகிறார். அவரை இனி ஓட முடியாது என்கிற வரை ஓடவிட்டுப் பார்த்தால்தான் சோதனைக்கு அர்த்தம்.

இளைஞர்களுக்குக் கதை வேறு. 35 வயதுக்குக் கீழே வீரர்களின் திடீர் மரணத்துக்கு, அடைப்பைவிட, மரபுவழியாக வரும் தசைத் தடிப்பு, பிறவியிலேயே இடம் மாறிய ரத்தக்குழாய், மின்துடிப்புக் கோளாறு போன்றவையே அதிகம் காரணம். தசைத் தடிப்புக்கு முதலில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் வேண்டும். சில மின்துடிப்புக் கோளாறுகளோ ஓய்வில் சுத்தமாக இருந்து, ஓடும்போது மட்டுமே தலைகாட்டும். அங்கே டிரெட்மில்லுக்கு ஈடில்லை. இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் ஆடும் வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யோடு கூடிய பரிசோதனை கட்டாயம். வெனேட்டோ பகுதியில் இப்படிப் பரிசோதிக்கப்பட்ட இளம் வீரர்களின் திடீர் மரணங்கள் சுமார் 89 சதவீதம் குறைந்ததாக 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இங்கேயோ, காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க ஆவடிப் பக்கம் பையன்கள் விடியலிலேயே ஓடுகிறார்கள். யாராவது மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து, "காலையில சாப்பிடலையாடா?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஓடி முடித்து நின்றபின் வரும் மயக்கம் பெரும்பாலும் சாதாரணம். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால் அப்படி விடக்கூடாது. அன்றே இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.